இரண்டு வகை பிஸ்கட்டும் ஒரு வயிறும்

அன்பு மகள் ரொசாவுராவுக்கு,

அப்பா எழுதுவது. துக்குமானில் நானும் அம்மாவும் நாய் கனேலாவும் சுகம், என் வயிறும் சுகம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விசேஷமே. உஷுவாயாக் குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே எழுது.

கோதுமை உள்ளே போனால் உடம்பின் காவலே குடலைக் கடித்துக் குதறும் நோய் நம் இருவருக்கும் இருக்கிறதே, அதற்குப் புது ஊசி ஒன்றைப் பரிசோதிக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாய்ப் பெயர் கொடுத்தேன், உன் அம்மாவோ, "ஆராய்ச்சியாவது மண்ணாவது, இந்த மனுஷனுக்கு பிஸ்கட் ஆசை" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். டாக்டர் சுலேமாதான், "வீட்டு நாய் வீட்டுக்காரரையே கடிச்சா நாயைக் கொல்லவா முடியும்? இவரு நம்ம ஆளுன்னு அதுக்குப் புரிய வைக்கணும், அந்த வேலைதான் இந்த ஊசிக்கு" என்று பொறுமையாக விளக்கினார். ஊசிக்குப் பிறகு இரண்டு வாரம் ஒரு வகை பிஸ்கட், அடுத்த இரண்டு வாரம் இன்னொரு வகை, ஒன்று கோதுமை, மற்றது சோளம், எது எதுவென்று தருகிற நர்ஸுக்கே தெரியாது. முதல் வகையைத் தின்ற அன்றே எனக்கு வயிற்றைப் பிசைந்தது, கட்டிலில் புரண்டேன், பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னேன், மாத்தே டீ குடிக்கிற என் சுரைக்குடுவை உனக்குத்தான் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அம்மா அசையவே இல்லை, "போறதுக்கு முன்னாடி சமையக்கட்டுக் குழாயைச் சரி பண்ணிட்டுப் போய்யா" என்றாள். இரண்டாம் வகை வந்ததும் வயிறு கப்சிப். இது சோளம்தான், என்னையா ஏமாற்றப் பார்க்கிறீர்கள் என்று நர்ஸிடம் மீசையை முறுக்கினேன்.

போன செவ்வாய்க்கிழமை ரகசியத்தை உடைத்தார்கள். நான் பாதிரியாரைக் கூப்பிட்டது சோளத்துக்கு, மீசையை முறுக்கியது அசல் கோதுமைக்கு! குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்ததிலும் ஒரு கீறல் இல்லையாம். "ஒருத்தர் வயித்தை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, இன்னும் நிறைய பேருக்குப் போட்டுப் பாக்கணும், வருஷக்கணக்கா ஆகும்" என்றார் டாக்டர், ஆனால் அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அம்மா சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள், நானும்தான். பக்கத்து பேக்கரி இலாரியோ செய்தி கேட்டு கோதுமை மாவில் கறி பொதிந்த எம்பனாடாவை ஒரு தட்டு நிறையச் சுடச்சுடக் கொண்டுவந்து, "கடிச்சுப் பாருங்கண்ணே" என்றான். ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஆறு வயதில் மாமா கல்யாணத்தில் நீயும் இப்படித்தான் மோந்து பார்த்துவிட்டு, இது எப்படிப்பா இருக்கும் என்று கேட்டபடியே தட்டில் வைத்துவிட்டாய். இந்த ஊசி உனக்கும் கிடைக்கிற நாளில் அதை நீதான் கடித்துவிட்டு எனக்குச் சொல்ல வேண்டும், முதல் கடி உன்னுடையது.

அதுவரை என் வயிற்றை நம்பி எதையும் தின்றுவிடாதே, பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்து வாங்கு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னைக் காப்பாள். சமையல்கட்டுக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

சோளத்துக்கு அலறிய உன் அப்பா,
எவரிஸ்தோ