ஹால் தரையில் பிடித்த சாம்பிள்

ஜூன் 4
மன்னித்துக்கொள் நாட்குறிப்பே, இந்த அகாலத்தில் உன்னைத் திறக்கிறேன். பாப்பா இப்போதுதான் கண்ணசந்தாள். கரிச்சட்டி இன்றும் ஹாலில் மூத்திரம் போய்விட்டது. முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக. குட்டியில் பழகியதிலிருந்து வாசலைத் தாண்டித்தான் போகும் நாய்.

“குழந்தை வந்த பொறாமைம்மா அதுக்கு,” என்கிறார் அத்தை. நாயின் மனசைப் படித்துவிட்டாராம். கல்யாணமான நாளிலிருந்து என் மனசு மட்டும் அவருக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை.

ஜூன் 6
டாக்டர் நாயைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மாத்திரை எழுதினார்.
“டெஸ்ட் எதுவும் வேண்டாமா டாக்டர்?”
“எல்லா நாய்க்கும் இதான் குடுக்கறேன்.”
இதற்கு ஒரு படிப்பு, ஒரு போர்டு!

ஜூன் 14
மாத்திரை தீர்ந்தது. மூத்திரத்தில் ரத்தம். சண்டை போட்டு கல்ச்சர் டெஸ்ட் எழுதி வாங்கினேன். மூத்திரத்தைத் தட்டில் விட்டுக் கிருமி வளர்கிறதா, வளர்ந்தால் எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். மாத்திரையின் வேகம் உடம்பிலிருந்து இறங்கியபின் சாம்பிள் பிடிக்க வேண்டும். அது என் வீட்டுக்காரர் பொறுப்பு. இந்த வீட்டில் இவருக்கு நான் கொடுத்த ஒரே பொறுப்பு.

ஜூன் 23
ரிப்போர்ட்: கிருமி வளரவில்லை. பரீட்சையில் தேறினவர் மாதிரி இவர் வாசித்துக் காட்டினார். “நோயே இல்ல. வெறும் திமிரு. குழந்தை தவழற வீடு, எங்கயாவது குடுத்துடலாம்.”

ஜூன் 24
ஏதோ உறுத்தியது. கேட்டேன்.
“சாம்பிள் எப்படிப் பிடிச்சீங்க?”
“ஹால் தரையிலதான். சிரிஞ்சு வச்சு சுத்தமா உறிஞ்சிட்டேன்.”

நான் பாப்பாவுக்காகக் கிருமிநாசினி ஊற்றித் துடைத்த தரை! ஈரம்கூடக் காயாத தரை! இருந்த கிருமியும் அதிலேயே செத்திருக்கும். லேப்பில் வளர்த்துப் பார்த்தது என் மாப்புத் தண்ணியைத்தான். இன்ஜினியராம். எவன் கொடுத்தான் பட்டத்தை?

ஜூன் 25
பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே கூட்டிப்போனேன். ஸ்கேனில் பார்த்து, மூத்திரப்பைக்குள்ளேயே ஊசி விட்டு எடுத்தார் டாக்டர். வெளி அழுக்கு எதுவும் கலக்காதாம்.
“முன்னாடியே இப்படி எடுத்திருக்கலாமே?”
“நீங்க கேக்கலையேம்மா.”
நான் கேட்கணுமாம்!
ரிசல்ட் வரும்வரை நாயை யாரும் தொடக்கூடாது என்றேன். இவர் தலையாட்டினார்.

ஜூன் 28
பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டுத் திரும்பினால், கரிச்சட்டி இல்லை. இவர் ஆபீஸ் நண்பர் வீட்டில் விட்டுவிட்டாராம். “தோட்டம், காத்து, ராணி மாதிரி இருக்கும்.” அத்தை டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ச்சீ.

ஜூலை 1
ரிப்போர்ட் வந்துவிட்டது. அந்த நண்பரின் வீட்டம்மாவுக்கு மெசேஜ் அனுப்புவதற்கு முன் இங்கே எழுதிப் பார்க்கிறேன் —

அக்கா, உங்களை எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் போனில் ‘தோட்ட வீடு’ என்று இருந்தது உங்கள் நம்பர்தானே? உங்களிடம் விட்ட நாய்க்குத் திமிர் இல்லை. மூத்திரப்பையில் கிருமி. முதலில் கொடுத்த மாத்திரைக்கு அது அசையவே இல்லையாம். எந்த மருந்துக்குச் சாகும் என்று இப்போது தெரிந்துவிட்டது, வாங்கி வைத்துவிட்டேன். வீட்டுக்குள் போய்விட்டால் தயவுசெய்து அடிக்காதீர்கள். அடக்க முடியாமல்தான் போகிறது. விலாசம் சொல்லுங்கள், நானே வந்து கூட்டிக்கொள்கிறேன். சீக்கிரம் பதில் போடுங்கள்.