தெற்கே ஒரு சிவந்த நட்சத்திரம்

குருநகர்
10-3-1987

அன்புத் தம்பி லியோனுக்கு,

மாதாவின் காவலில் நானும் மாமா சந்தியோகுவும் சுகம். நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு உன் கடிதமே இல்லை. மெல்பனில் பேனாவுக்கும் தட்டுப்பாடோ?

இங்கே கரண்ட் இல்லை. உன் அத்தானுக்காகக் கரையில் ஏற்றும் விளக்குக்கும் எண்ணெய் இல்லை. போன கிழமை பொழுதுபட்ட பிறகு, தெற்கே கடலுக்குச் சற்று மேலே, சிவப்பாய் ஒரு மங்கல் வெளிச்சம். அவருடைய வள்ளத்து விளக்கென்று நினைத்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டேன். மாமாதான் பிடித்து இழுத்தார். "உது விளக்கில்லைப் பிள்ளை, வானத்து வெள்ளி. ஆனா உந்த இடத்திலை முந்தி வெள்ளி இருக்கேல்லை" என்றார்.

யாகோப்பு அத்தான் கடல் தொழிலுக்குப் போய்த் திரும்பாமல் ஒன்பது மாதம். அவர் செத்துவிட்டார், ஆத்துமப் பூசை கொடு என்று எல்லாரும் அரிக்கிறார்கள். உடலைக் காணாமல் எப்படிக் கறுப்பு உடுப்பேன்? நீ வானத்தைப் படிக்கிறவன். அது என்ன வெளிச்சம், எழுது.

அக்கா மக்டலீன்

மெல்பன்
2-4-1987

அன்பு அக்கா,

மாமாவின் கண்ணுக்கு ஒரு கும்பிடு. நாங்கள் எல்லாரும் நித்திரையில்லாமல் பார்ப்பது அதைத்தான். சூரியனைப்போல் இருபது மடங்கு பாரமான நட்சத்திரம். எரிய ஒன்றும் மிஞ்சாதபோது அதன் கரு, தன் பாரம் தாங்காமல், கண் இமைக்கும் நேரத்தில் உள்ளே விழுந்தது. மற்றதெல்லாம் வெடித்துச் சிதறியது. அது செத்து ஒன்றரை லட்சம் வருடத்துக்கு மேல். வெளிச்சம் இப்போதுதான் வந்திருக்கிறது.

விழுந்த கரு மிஞ்சியிருக்க வேண்டும். நம்முடைய பட்டினத்திலிருந்து சாவகச்சேரி வரை, பத்துப் பன்னிரண்டு மைல்தான் அகலம், ஆனால் சூரியனைவிடப் பாரம். அதை இன்னும் ஒருவரும் காணவில்லை. அதற்காக நட்சத்திரம் உயிரோடிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, அக்கா. பூசையைக் கொடுங்கள்.

தம்பி லியோன்

குருநகர்
20-5-1987

தம்பி,

மண்டபம் அகதி முகாமில் அத்தானைப்போல் ஒருவரைக் கண்டதாகக் கதைக்கிறார்கள். உன் ஆட்கள் முதலில் அந்தக் கருவைக் காணட்டும். அன்றைக்கு நான் பூசை கொடுக்கிறேன். இது என் வாக்கு.

மக்டலீன்

மெல்பன்
10-2-1989

அன்பு அக்கா,

கண்டுவிட்டார்கள். கரு விநாடிக்கு இரண்டாயிரம் தடவை அளவில் துடிக்கிறதாம். உங்கள் வாக்கு நினைவிருக்கிறதா?

லியோன்

குருநகர்
5-3-1989

தம்பி,

பூசை முடிந்தது. மகனுடைய பூசையிலும் மாமா கடைசி வாங்குப் பலகையில்தான் இருந்தார், நற்கருணை வாங்க எழும்பவில்லை. நான் கறுப்பு உடுத்திருக்கிறேன். கரை விளக்கைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டேன். மனம் ஆறவில்லை, ஆனால் நித்திரை வருகிறது.

அக்கா

குருநகர்
22-4-1990

அன்புத் தம்பிக்கு,

சீனி சுற்றி வந்த பழைய பத்திரிகைத் துண்டில் பார்த்தேன். கண்டது கருவே இல்லையாம், கருவியின் கோளாறாம். உனக்கு முதலே தெரிந்திருக்கும். ஏன் எழுதவில்லை? பயந்தாயோ? உன்னைக் கோபிக்க எனக்கு ஏலாது. ஆனால் கொடுத்த பூசையை எப்படித் திருப்பி வாங்குவது, சொல்லு.

மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். பரணிலிருந்து விளக்கை இறக்கி, திரியை நறுக்கி, எண்ணெய் விட்டார்.

கறுப்பை நான் கழற்றவில்லை. கறுப்போடுதான் ஒவ்வொரு பொழுதும் போய் விளக்கை ஏற்றிவிட்டு வருகிறேன்.

கருவைக் கண்டால் எழுது. இந்த முறை நன்றாகப் பார்த்துவிட்டு எழுது.

உன் அக்கா,
மக்டலீன்