கடல் பிடித்தவரைக் குறித்து அலைமாதேவியார் விடுத்த ஓலை

நலம் பெருகுக. ஏழு முனையும் ஒரு கடலும் ஆள்பவரும், சங்குத்தீவிலிருந்து நீந்திக் கரையேறி முடி சூடியவருமான அலைமாதேவியார் திருவாய் மலர, ஓலை எழுதும் காரி எழுதியது. வெண்மணல் துறைத்தலைவர் நெடும்பூதனார் காண்க. உம் துறையில் வலைகள் நிறைக. கலங்கள் கரை சேர்க.

இவ்வாண்டு தீவிலிருந்து நீந்தியோரில் இருவரைக் கடல் பிடித்தது என்றும், அவர்கள் இனி அலையில் கால் நனைக்கலாகாது என வழக்கப்படி ஆணை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். அரசியார் உம் ஓலையை மடியில் வைத்துக்கொண்டார். பின் அவர் சொன்னது இது.

கடல் யாரையும் பிடிப்பதில்லை. நீந்தும்போது கெண்டைக்கால் சதை இறுகிக் கல்லாவதற்கு நம் முன்னோர் வைத்த பெயர் அது. குற்றமுள்ளவர் காலைத்தான் பிடிக்கும் என்பது நாம் பின்னர் சேர்த்துக்கொண்டது.

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், அரசியார் மாதி என்ற இளவரசியாக இருந்தபோது, முத்துக் குளிப்பவர் மகள் சேந்தியோடு நீந்தப் பழகினார். சேந்தி தண்ணீரில் மல்லாந்து கிடந்தபடியே பாக்கு மெல்லுவாள். இளவரசி மூச்சு வாங்க நீந்தி வருவதைப் பார்த்து, நனைந்த கோழி என்பாள். அப்படி ஏச இன்று தமக்கு ஒருவரும் இல்லை என்று சொல்லி அரசியார் சிரித்தார்.

நீந்தும் நாளுக்கு முன் மூன்று நாள் உப்பையும், கடைசி நாள் நீரையும் விலக்குவது நோன்பு. சேந்தி அதைக் காத்தாள். இளவரசி காக்கவில்லை. இறங்கும் நாள் காலையில் படகுக் கொட்டகையின் பின்னே நின்று ஒரு கலயம் உப்புக்கஞ்சி குடித்தார். யாரும் பார்க்கவில்லை என்று எண்ணினார்.

பாதிக் கடலில் சேந்தியின் கால் இழுத்துக்கொண்டது. இளவரசி அவள் அருகே திரும்பி வந்தார். அப்போது அவள் சொன்னதை மரியாதைச் சொல்லாக மாற்றலாகாது என்பது அரசியார் கட்டளை. "என்னைப் பாத்துக்கிட்டே மிதக்காதடி, நனைஞ்ச கோழி! கஞ்சி குடிச்சவ நீயாவது போய்ச் சேரு!"

இளவரசி போய்ச் சேர்ந்தார். முடி சூட்டினார்கள். படகில் ஏற்றி வரப்பட்ட சேந்தியிடம், உன் குற்றம் என்ன என்று அவை கேட்டது. அவள் இளவரசியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அவள் கடலில் இறங்கவில்லை. உம் துறையில், அலை எட்டாத மேட்டில் அமர்ந்து வலை பின்னுகிறாள். அரசியாரின் பல்லக்கு ஆண்டுதோறும் அவ்வழியே போகிறது. அவர் ஒருமுறையும் திரையை விலக்கியதில்லை.

ஆகவே, அந்த நோன்பு இன்றோடு நின்றது. நீந்துவோர் முந்தின நாள் முழுதும் நீர் பருகுவாராக. உப்பிட்ட கஞ்சி குடித்து, கெண்டைக்காலை நீட்டி நீவிவிட்டு இறங்குவாராக. கடலுக்கு வணக்கம் என்று பாதங்களைக் கூப்பிய கைபோல் விறைப்பாக வைத்து நீந்துவதையும் விடுவாராக, கணுக்கால் தளர்ந்திருக்கட்டும். கால் இழுத்தால் மல்லாந்து மிதந்து, கால்விரல்களைப் பற்றி முழங்காலை நோக்கி மடக்குவாராக. துணைப் படகைக் கூவி அழைக்க வெட்கம் வேண்டா. நீர் எழுதிய இருவரும் தடையின்றிக் கடலில் இறங்கலாம்.

கரையேறியோர் பெயர் பொறித்த கல்லில் அரசியார் பெயர் இருக்கிறது. அதன் அருகே, கஞ்சி குடித்தவர் என்று வெட்டச் செய்க.

இவ்வோலையைச் சேந்தியின் முன் உரக்கப் படிக்கச் செய்க. வரும் முழுநிலா நாள் காலையில் அரசியார் பல்லக்கின்றி வந்து, முழங்கால் அளவு நீரில் நிற்பார். சேந்தியை யாரும் அழைக்க வேண்டா. அவளாக இறங்கி வந்தால் வழிவிடுக. அவள் அரசியாரை எப்பெயரிட்டு அழைத்தாலும் காவலர் வாய் திறவாதிருப்பாராக.

இது ஆணை. அரக்கில் ஆமை இலச்சினை இடப்பட்டது.