மூன்று நாள் பிந்திய கோதுமை

ஏப்ரல் 19, புதன்

நடக்கிற அன்றெல்லாம் முழங்கால் எப்படி இருந்தது என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் இலியானா. பிசியோதெரபி படித்த பெண். மூட்டுவலிக்காரர்களை எல்லாம் வாசகசாலை வாசலில் சேர்த்து, திங்கள், புதன், வெள்ளி ஆற்றங்கரையில் நடக்க வைக்கிறாள். டாக்டர் போகச் சொன்னார், போனேன்.

முழங்கால்: இருக்கிறது.

ஈஸ்டர் முடிந்துவிட்டது. இந்த வருடம் முட்டைக்குச் சாயம் போடவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

வலது கால் வீக்கம். மர நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காலை நீட்டி மடக்கிய பிறகுதான் கிளம்ப விடுகிறாள் இலியானா. பக்கத்தில் பாவ்லினா. எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடி. வாய் ஓயாது. "நெவெனா, நீ ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கிற? ஊமைக் கோட்டான் மாதிரி!" என்றாள். பேச என்ன இருக்கிறது?

மே பத்து வந்தால் என் வீட்டுக்காரர் ஸ்டாமென் போய் அரை வருடம். கோதுமை வேகவைத்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, கல்லறையில் வைத்து, நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும். முந்திக் கொடுத்தால் பரவாயில்லை. பிந்தினால் போய்ச் சேராது என்பார்கள். அவருக்கு இனி நான் செய்யக்கூடியது இது ஒன்றுதான். இதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும்.

ஏப்ரல் 28

மழை. போகவில்லை. படுத்திருந்தேன்.

மே 3, புதன்

கடைத்தெருவில் கின்காவைப் பார்த்தேன். ஸ்டாமெனின் தங்கை. என்னைப் பார்த்ததும் ரொட்டிக் கடைக்குள் நுழைந்துகொண்டாள். நவம்பரில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்: "கல்லு! இவ மனசு கல்லு! எங்கண்ணன் ஒரு கல்லோட குடும்பம் நடத்தியிருக்கான்!" அதன் பிறகு பேச்சில்லை.

கோபம் வரவேண்டும் இல்லையா? வரவில்லை. அவள் சொன்னது சரியோ என்றுகூடத் தோன்றுகிறது.

முழங்கால் பரவாயில்லை.

மே 6, சனி

புனித ஜார்ஜ் திருநாள். கட்டடம் முழுக்க ஆட்டுக்கறி வாசனை. பாவ்லினா ஒரு தட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கொஞ்சம் சாப்பிட்டேன்.

மே 10, புதன்

இன்று நல்ல வெயில். "பேசிக்கிட்டே நடக்க முடியணும், மூச்சு வாங்கக் கூடாது. அதுதான் உங்களுக்குச் சரியான வேகம்" என்றாள் இலியானா. உடனே கான்சோ — பழைய பஸ் டிரைவர், கூட்டத்தில் ஒரே ஆம்பளை — "அப்படிப் பார்த்தா பாவ்லினா தலைநகரம் சோஃபியா வரைக்கும் ஓடலாமே!" என்றார். பாவ்லினா கைத்தடியை ஓங்க, அவர் குனிய, தொப்பி ஆற்றில் விழுந்தது. அது பாட்டுக்கு மிதந்து போகிறது. மனுஷன் கரையோடு கூடவே நடந்து, பாலம் வரை அதற்கு சல்யூட் அடித்துக்கொண்டே போனார். சிரித்துவிட்டேன். நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

நான்காம் மாடியில் என் வீடு வரை எங்கும் நிற்காமல் ஏறியிருக்கிறேன். அப்படி என்ன அவசரமோ.

மே 12, வெள்ளி

கரையெல்லாம் சேறு என்று இலியானா இன்று ஊருக்குள் கூட்டிப்போனாள். கின்கா வீட்டுத் தெரு. அவள் வெளிக்கதவில் புது அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. ஸ்டாமென் படம். 'எங்கள் அருமை அண்ணன் மறைந்து அரை வருடம். மே 10.' கீழே கின்கா பெயர் மட்டும்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாவ்லினா என் கையைப் பிடித்தாள். "அடிப் பாவி... நெவெனா, நீ கோதுமை வச்சியா இல்லையா?"

வைக்கவில்லை. மறந்துபோனேன். மே பத்து புதன்கிழமை. நான் ஆற்றங்கரையில் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எப்படி மறந்தது? கிழமை மட்டும் தெரிகிறது எனக்கு, திங்கள், புதன், வெள்ளி என்று. இந்த நோட்டில் மே 10 என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன், அப்போதும் உறைக்கவில்லை. யாராவது மறப்பார்களா இதை? கட்டின புருஷனை?

"பிந்தினாப் போய்ச் சேராதுன்னு சொல்லுவாங்களே" என்று பின்னால் யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள். "வாயை மூடு. முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். லேட்டா போன பஸ்ஸும் ஊருக்குப் போய்ச் சேர்ந்துதான் இருக்கு" என்றார் கான்சோ.

வீட்டுக்கு வந்து கோதுமையை ஊறப்போட்டேன்.

மே 13, சனி

கல்லறைத் தோட்டம் மேட்டில் இருக்கிறது. இந்த முழங்காலோடு ஏறாதீர்கள் என்று இலியானா நேற்றே சொல்லியிருந்தாள். ஏறினேன். பாவ்லினாவும் கான்சோவும் கூட வந்து, தோட்டத்து வாசலில் நின்றுகொண்டார்கள். "நீ போ. நாங்க மூச்சு வாங்கிட்டு வர்றோம்."

கின்கா அவர் கல்லறை ஓரம் உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கோதுமையை ஒரு கோப்பையில் போட்டு நீட்டினேன். கையை நீட்டவில்லை அவள்.

"மூணு நாள் பிந்திப்போச்சு, அண்ணி."

"தெரியும்."

"அன்னைக்கு என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க? எங்கண்ணன் பசியோட காத்துக்கிட்டிருந்த அன்னைக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று. "சிரிச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன். "கான்சோ தொப்பி ஆத்துல போச்சு. நடந்தவங்க எல்லாரும் சிரிச்சோம். உங்கண்ணன்கிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாருன்னு நாலு மாடியும் மூச்சுவிடாம ஏறிப் போனேன், கின்கா. கதவைத் திறந்துட்டு — அவரைக் கூப்பிட்டேன்டி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்."

அதைப் புதன்கிழமை நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கோப்பையோடு அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் குரல்தானா அது என்று எனக்கே தெரியவில்லை, அப்படி ஒரு சத்தம். மூக்கு ஒழுகி, மானம் மரியாதை எல்லாம் போய். கின்கா கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு என் கையிலிருந்து கோப்பையை வாங்கி ஒரு கரண்டி வாயில் போட்டாள்.

"ஆண்டவர் அண்ணனை மன்னிக்கட்டும்" என்றாள், முறைப்படி. பிறகு, "சர்க்கரை அள்ளிக் கொட்டியிருக்கீங்க" என்று சொல்லி அவளும் அழுதாள்.

பாவ்லினாவுக்கும் கான்சோவுக்கும் ஆளுக்கொரு கோப்பை கொடுத்தேன். இறக்கம்தான் முழங்காலுக்கு எமன். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போனது. கின்கா என் இடது பக்கம் வந்து கையைக் கோத்துக்கொண்டாள்.

ஸ்டாமென் நடக்கிற பக்கம் அது. அவருக்கு இடது காது கேட்காது, அதனால் எங்கே போனாலும் நான் அவருக்கு வலப்பக்கம். இத்தனை நாள் கூட்டத்தோடு நடந்தும் ஒருத்தரையும் அந்தப் பக்கம் நான் வரவிடவில்லை. இன்று கின்கா வந்து நின்றபோதுதான் எனக்கே தெரிந்தது.

நகரச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அவள் அந்தப் பக்கமாகவே கீழே வரை வந்தாள்.