யூ.பி.எஸ். பேட்டரியைக் கழற்றியவனுக்கு

இன்று காலை மின்சாரம் போனதும் மேசைக்கடியில் யூ.பி.எஸ். கத்தியது. உன் ஞாபகம் வந்தது. அன்பினால் அல்ல.

பெரம்பலூரில் நாம் சேர்ந்து நடத்திய ஸ்டுடியோவுக்கு மெமரி கார்டு வந்த புதிதில், நமக்குச் சொல்லித்தர ஆளில்லை. சில கார்டுகளைப் பாழாக்கித்தான் நான் கற்றுக்கொண்டேன். கார்டு வேலையில் இருக்கும்போது மின்சாரம் நின்றால் உள்ளே இருப்பது எல்லாமே போகலாம். அதனால் கம்ப்யூட்டருக்குக் ‘காப்பி’ போடு, திறந்து பார், பிறகு கார்டை அழி என்றேன். நீ கடைக்கு வந்தவர்களிடம், “அண்ணன் கார்டுக்குக் காதுகுத்து வைக்கப்போறாரு, மொய்யோட வந்துருங்க” என்று சிரித்தாய்.

என் மகள் கல்யாணம் சிறுவாச்சூரில் நடந்தது. வீடியோ வைக்கவில்லை, நீ எடுத்த படங்கள் மட்டும்தான். மறுநாள் லப்பைக்குடிக்காட்டில் ஒரு நிக்காஹ். நம்மிடம் பெரிய கார்டு ஒன்றே. அதைக் காலி செய்யும் அவசரத்தில் நீ ‘கட்’ போட்டாய். அப்படிப் போட்டால் படம் அங்கே போகப் போக இங்கே அழியும். யூ.பி.எஸ். பேட்டரியையோ நிக்காஹ் வீடியோவின் லைட்டுக்கென்று கழற்றியிருந்தாய்.

“பேட்டரி எங்கடா?”

“ரெண்டு நிமிஷ வேலைண்ணே. அதுக்குள்ள கரண்டு போயிருமா?”

போனது. திரும்ப வந்தபோது கார்டு காலி. கம்ப்யூட்டரில் பாதிப் படங்கள் வந்து சேரவே இல்லை, வந்தவையும் திறக்கவில்லை.

கார்டைத் தொடாதே, அரியலூரில் ஒருவர் அழிந்ததை மீட்டுத் தருகிறார் என்றேன். தலையாட்டினாய். மறுநாள் அதே கார்டில், அந்தப் படங்கள் இருந்த இடத்தின் மேலேயே நிக்காஹை எடுத்துக்கொண்டு வந்தாய்.

“ஒத்துக்கிட்ட வேலைய எப்புடிண்ணே விடுறது? பொண்ணு மாப்ளய மாலையோட மறுபடி நிக்க வச்சு எடுத்துத் தரேன், விடுங்க.”

“தாலியையும் மறுபடி கட்டச் சொல்லவாடா?”

அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

நீ போன அன்று உன் மகன் வந்தான். “பெரியப்பா, அஞ்சலி போஸ்டருக்கு அப்பா படம் ஒண்ணு வேணுங்க.” ஊரையெல்லாம் எடுத்தவனுக்கு ஒரு நல்ல படம் இல்லை. அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் யாரோ போல இருந்தாய்.

சிறுவாச்சூரில் தாலி கட்டி முடிந்ததும் உன் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி, உன்னை மணமக்கள் பக்கத்தில் நிறுத்தி நான் ஒன்று எடுத்தேன், அதே கார்டில். அதை உன் மகனிடம் சொல்லவில்லை. உன்னை நான் மன்னிக்கவுமில்லை. பட்டுச் சட்டையில், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நீ வெட்கப்பட்டு நின்ற முகம் இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது. அதை யாருக்கும் எடுத்துக் காட்ட முடியாது.