நாற்காலியை ஊதும் தந்திக்காரன்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதே. உன் அறைத் தோழியிடமும் வேண்டாம், உன் அவரிடமும் வேண்டாம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, உன் காலில் விழுந்து கேட்கிறேன். இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அம்மாவும் நன்றாக இருக்கிறாள். எப்போதும் முதல் வரியில் சும்மா எழுதுகிற வார்த்தைதான், இந்த முறை அதைச் சொல்லத்தான் கடிதமே. அம்மா குளியலறையில் வழுக்கி விழவில்லை, இடுப்பில் அடிபடவில்லை. நேற்றுத் தபாலில் போன கடிதத்தில் அப்படித்தான் இருக்கும், அதுவும் என் கையெழுத்தில் இருக்கும், அதை நம்பி லீவு போட்டுக் கிளம்பிவிடாதே. வழக்கம்போல அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். நின்றுகொண்டே காய் நறுக்கியபடி சொன்னாள். எழுந்து நடக்கவே முடியவில்லை என்ற வரியைச் சொல்லிவிட்டு, எம்பி மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்தாள். அந்தக் கடிதம் இதைவிட ஒரு நாள் முந்திவிட்டது, நீ பெட்டி கட்டத் தொடங்கியிருப்பாயோ என்றுதான் என் பயமெல்லாம்.

எல்லாம் உன் கதையால் வந்தது. நீ புனைபெயரில் எழுதிய அந்த வெள்ளைக்காரர் காலத்துக் காதல் கதை நம் தெரு வாடகைப் புத்தகக் கடைக்கு வந்துவிட்டது. எழுதியது நீ என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாய், நானும் மூச்சுவிடவில்லை. புத்தகத்தில் கிறுக்காதீர்கள் என்று கத்திக் கத்தி அலுத்துப்போன கடைக்காரர், இப்போது ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் இரண்டு வெள்ளைத் தாளை ஒட்டி, கிறுக்க வேண்டியதை இங்கே கிறுக்கவும் என்று போட்டிருக்கிறார். உன் கதைக்குத் தாள் போதாமல் அட்டை உள்பக்கத்திலும் எழுதியிருக்கிறார்கள். கதாநாயகி, அந்தக் கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா மகள், அழுவதைக் குறைத்திருந்தால் நூறு பக்கம் மிச்சமாகியிருக்கும் என்று ஒருவர். உங்க வீட்ல பொண்ணு இல்ல போலிருக்கு என்று அதற்குக் கீழே இன்னொருவர். துரை எப்படி நம் பாஷையை இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறார் என்று ஒரு கேள்வி, எழுதினது நம்ம ஆளு ஆச்சே என்று பக்கத்திலேயே பதில். தையல் கடைக்கார அம்மா மூன்று முறை எடுத்துப் படித்துவிட்டு, கடைசியில் இரண்டு பேரையும் கப்பல் ஏற்றிவிட்டது சரி, மாற்றுத்துணி எடுத்துப் போனார்களா என்று கேட்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டே படித்து வந்தவள், நடுத் தாளில் ஒரு வரியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் கதாநாயகன் தந்தி ஆபீஸில் வேலை பார்க்கிறவன், ஆனால் எங்கே போனாலும் நாற்காலியை ஒரு முறை ஊதிவிட்டுத்தான் உட்காருகிறான். தந்தி ஆபீஸில் ஊதுகிற அளவுக்கு என்ன தூசி என்று யாரோ பேனாவில் கேட்டிருந்தார். அதற்குக் கீழே தடித்த பென்சிலில், "மரத்தூளில் வேலை பார்த்தவன்தான் இப்படி ஊதுவான்." பலகையில் கோடு போடுகிற தட்டைப் பென்சில், அக்கா. நம் தச்சுப் பட்டறைப் பென்சில். அங்கே பாலிஷ் போட வந்துகொண்டிருந்த உன் அவர் ஊதாமல் உட்கார்ந்து யாராவது பார்த்ததுண்டா, துருத்தி என்று அவருக்குப் பெயர் வைத்ததே மாமாதானே. போதாததற்குக் கதாநாயகியின் தங்கை என்னைப் போலவே தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள் என்று வேறு எழுதி வைத்திருக்கிறாய். துருத்தியையும் பல் கடிக்கிறவளையும் ஒரே கதையில் பார்த்தால், எழுதியது யார், யாரை நினைத்து எழுதியது என்று நம் வீட்டில் யாருக்குத்தான் தெரியாது?

அப்பா காதிலும் அந்தப் பென்சில் இருக்கிறது, மாமா காதிலும் இருக்கிறது. அந்தப் பென்சில் வரியை எழுதியது இரண்டு பேரில் யார் என்று பிடிபடவில்லை. அப்பா கதைப்புத்தகம் தொட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் போன வாரம் சாப்பிடும்போது திடீரென்று, இந்தக் கதையெல்லாம் எழுதுறது கல்யாணம் ஆனவங்களா ஆகாதவங்களா என்று கேட்டார். எந்தக் கதை என்று சொல்லவில்லை. கேட்டது அம்மாவிடம், பார்த்தது என் முகத்தை. நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் முகத்தை ஒளித்தேன். ஆகாதவங்கதான், ஆனவங்களுக்கு ஏது நேரம் என்று மாமா சிரித்தார், அந்தச் சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பிறகு பிளைவுட் கடை முதலாளியும் அவர் மனைவியும் கதவு செய்யக் கொடுக்க வந்தவர்கள்போல வந்தார்கள். கதவின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பொண்ணு எப்ப வருது என்று அந்த அம்மா கேட்டாள், மாமா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் மகன் நல்லவனாகவும் இருக்கலாம், ஆனால் உன்னிடம் கேட்காமல் ஏன் இத்தனை அவசரம்? நேற்று அம்மா கடைசியாகச் சொன்ன வரியைக் கவனி. வரும்போது நர்ஸ் சான்றிதழ்களையெல்லாம் மறக்காமல் எடுத்து வா என்று சொன்னாள். இடுப்பு வலிக்கு எதற்குச் சான்றிதழ்? அதை எழுதும்போது நான் நிமிர்ந்து பார்த்தேன். "எழுதுடி, உங்க அக்கா புத்திசாலி, புரிஞ்சுக்குவா" என்றாள். அந்த வரியைச் சொல்லச் சொன்னது அப்பாவா, இல்லை நீ உஷாராகட்டும் என்று அம்மாவே சேர்த்தாளா, எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அம்மா நம் பக்கம் என்று நினைத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் உளறிவிடவும் பயமாக இருக்கிறது.

அதனால் நீ வராதே. வந்துதான் ஆக வேண்டும் என்று தோன்றினால் சான்றிதழ்களை உன் அறைத் தோழியிடம் கொடுத்துவிட்டு வா, திரும்பிப் போக அவைதான் உனக்கு வழி. மாமா அங்கேயே தேடி வந்தாலும் வருவார், பட்டறையில் நேற்றிலிருந்து அவரைக் காணோம், மரம் வாங்கப் போயிருக்கிறார் என்கிறார்கள். வந்தால் அவரோடு தனியாக எங்கும் கிளம்பாதே. மாமா முன்னால் ஊதாமல் உட்காரச் சொல் உன் ஆளை. இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, போன தடவை பட்டறைப் போனில் பேசியபோது உன் குரல் கம்மிக் கிடந்தது, அங்கே எல்லோர் காதும் இருப்பதால்தான் இதையெல்லாம் போனில் சொல்ல முடியவில்லை. நான் நன்றாகப் படிக்கிறேன், கணக்கில் மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் அம்மாவின் ஆசீர்வாதத்தை எழுதுவேன் இல்லையா, நேற்று அதைச் சொல்லாமலே மடிக்கச் சொல்லிவிட்டாள், மறந்தாளா வாய் வரவில்லையா தெரியவில்லை. அதனால் சின்னவளாக இருந்தாலும் நானே சொல்கிறேன், நீ நன்றாக இருக்க வேண்டும், அவரும் நன்றாக இருக்க வேண்டும். நான் சொன்னதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். திற கண்ணு, நான் மட்டுந்தான் நிக்கிறேன் என்கிறாள். கதவுக்கு அடியில் இரண்டு பேருடைய கால்கள் தெரி