வெட்டுக்கிளி திரும்பிப் பார்க்கவில்லை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் விளையாட்டுத் துறையின் வண்டி வந்து அழைத்துப்போனது. ஆரம்பகால வீரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் மாநில அரசு பதினெட்டாம் தேதி விழா எடுக்கிறது. ரிலே ஓட்டத்தில் மாநிலத்துக்கு முதல் தங்கம் வாங்கிய நால்வரில் மிச்சம் நானும், நாங்கள் வெட்டுக்கிளி என்று கூப்பிடும் கூட்டாளியும்தான். மைதான வாசலில் எங்கள் இருவருக்கும் வெண்கலச் சிலை.

விழாவுக்கு முன்பே எனக்குத் துணியை விலக்கிக் காட்டினார்கள். ரிலேக் கட்டையை நீட்டிக்கொண்டு நான். முன்னால் வெட்டுக்கிளி, கையைப் பின்னால் நீட்டி, கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"எப்படி இருக்கு சார்?" என்றார் துறை அதிகாரி.

"நல்லா இருக்குங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? என் வாயை யார் தைத்தார்கள்?

மார்ச் 4

கோபம் தணியவில்லை. முறையாக எழுதிப் பார்க்கிறேன்.

கட்டையை வாங்குபவன் பின்னால் பார்க்கக் கூடாது. வருபவனின் குரல் கேட்டதும் ஓடியபடியே கையை நீட்ட வேண்டும். கட்டை வந்து சேரும். மற்ற அணிகள் அன்று திரும்பிப் பார்த்துத்தான் வாங்கின. எங்கள் கோச் மட்டும் கண்ணைக் கட்டிப் பழக்கினார். "பாத்து வாங்கறவன் பயந்துகிட்டே வாங்கறான்டா" என்பார். தங்கம் வந்தது அதனால்தான். அவருக்கும் இந்த விழாவில்தான் விருது, அவர் போன பிறகு.

இன்னொன்றும் இருக்கிறது. நான் கதவைப் பூட்டினால் என் மனைவி போய் இழுத்துப் பார்ப்பாள். அலுவலகத்தில் நான் கூட்டியதை இன்னொருவர் கூட்டிப் பார்ப்பார். வாழ்க்கையில் என்னைச் சரிபார்க்காமல் கை நீட்டியவன் வெட்டுக்கிளி ஒருவன்தான். அதைத்தான் பொய்யாக்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மார்ச் 5

ஒருவேளை எனக்குத்தான் நினைவு பிசகிவிட்டதா? நாளிதழைச் சுருட்டி மனைவியிடம் கொடுத்து நடைக்கூடத்தில் திரும்பாமலே வாங்கிப் பார்த்தேன். கைக்குத் தெரிகிறது.

அவள் சொன்னாள்: "திரும்பினது அவர் கழுத்து. அவரே சும்மா இருக்காரு. நீங்க ஏங்க குதிக்கறீங்க?"

மார்ச் 9, திங்கள்

சிலையைத் திருத்தச் சொல்லித் துறை அலுவலகம் போனேன். மதியம்வரை பெஞ்சு.

"ரெண்டு பேரும் முகம் பாத்தாதான் சார் ஒத்துமை தெரியும். அமைச்சரே ஓகே சொல்லிட்டாரு" என்றார் அதிகாரி.

"இல்லைங்க, அப்படி ஓடினா..."

"சார், சிலை எங்கயும் ஓடப்போறதில்ல."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நானும்! மானங்கெட்டவன்.

மார்ச் 11

வெட்டுக்கிளியை போனில் பிடித்தேன்.

"உயிரோட இருக்கறப்பவே சிலை வைக்கறாங்கடா. தெரு முழுக்கச் சொல்லிட்டேன். வந்து வாயை மூடிக்கிட்டுப் பதக்கத்தை வாங்கு."

"நீ அன்னிக்குத் திரும்பினியா?"

"திரும்பல. இப்ப திரும்பினா என்ன, சுளுக்கிக்குமா?"

மார்ச் 14

விழாவில் படிக்க வேண்டிய நன்றியுரையை எழுதி முடித்தேன். மிக அடக்கமாக இருக்கிறது. கிழித்துப் போடலாம் போலிருக்கிறது. போடவில்லை.

மார்ச் 18, புதன்

விழா முடிந்து இப்போதுதான் வந்தேன்.

நன்றியுரையைத்தான் படித்தேன். "எங்கள் கோச்" என்ற இடம் வந்தது. அதற்கு மேல் கண் ஓடவில்லை. பிறகு நான் பேசியது காகிதத்தில் இல்லை. இது பொய்ங்க. இவன் என்னைத் திரும்பிப் பாக்கவே இல்ல. ஒருநாளும் பாக்கல. கோச் இருந்தா இதை உடைச்சிருப்பாரு, உங்களையும் சேத்து ஓட விட்டிருப்பாரு! — கத்தினேன் என்று மனைவி சொல்கிறாள். நான் கத்துவேனா? யாரோ மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கெடுத்துட்டியேடா" என்றான் வெட்டுக்கிளி. அவன் பேத்தி அழுதுகொண்டிருந்தாள்.

மார்ச் 19

தவறா? தெரியவில்லை. பொய் சொல்லவில்லை.

மார்ச் 30, திங்கள்

துறைக்கு என்மேல் கோபம். எங்கள் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். வெட்டுக்கிளிதான் போனில் சொன்னான்.

"பேரையே பேத்து எடுத்துட்டானுங்க. இப்ப திருப்தியாடா?"

"ஆமாம்" என்றேன். யோசிக்கவே இல்லை. அவன் போனை வைத்துவிட்டான்.

மாலையில் போய்ப் பார்த்தேன். பீடத்தில் திருகாணித் துளைகள் மட்டும். மேலே ஒருவன் இன்னொருவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.

யார் இவர்கள் என்று வாயிற்காவலரைக் கேட்டேன்.

"யாரோ ஓட்டக்காரங்க பெரியவரே. தெரியல."

அவருக்கு நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.